ஒலியின் பெயர் ஆசிரியருக்குத் தெரியவேண்டும்

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. பிரிட்டிஷ் பொது உச்சரிப்பிலோ ஒலிகள் சுமார் 44. எழுத்தை மட்டும் நம்பிப் பாடம் நடத்தும் ஆசிரியர் திணறுவது இங்கேதான். ‘வாக்’, ‘பிளே’, ‘வான்ட்’ ஆகிய மூன்றின் இறந்தகால வடிவமும் எழுத்தில் ஒரே மாதிரி முடிகிறது. வாயிலோ முதலாவது குரல்நாண் அதிராமலும், இரண்டாவது அதிர்வோடும், மூன்றாவது தனி அசையாகவும் முடிகிறது. அதிர்வொலி, அதிர்விலா ஒலி என்ற இரண்டு சொற்கள் தெரிந்த ஆசிரியர் இதை ஒரே விதியாகச் சொல்லிவிடுவார். தெரியாதவர் “நான் சொல்வதைத் திருப்பிச் சொல்” என்பதோடு நின்றுவிடுவார்.

நம் மாணவர்களுக்கு இது கூடுதலாகவே தேவை. ‘பல்’லில் அதிராத பகரம் ‘கம்ப’த்தில் அதிர்கிறது, இடமே அதை முடிவு செய்வதால் தமிழுக்கு ஓர் எழுத்து போதும். முதுகுக்கும் மூட்டை கட்டுவதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பேக்’தான். மாணவர் இவற்றைக் குழப்பினால் அது சோம்பலோ மந்தமோ அல்ல, தாய்மொழியின் ஒழுங்கு. அதை அறியாமல் திட்டுவது அநியாயம். ஒரே ஒலியில் வேறுபடும் சொல் இணைகளை, அதாவது மினிமல் பேர்களை, அடுத்தடுத்துக் கேட்கவைப்பதே வழி. ‘ஃபேன்’, ‘வேன்’ இரண்டிலும் மேற்பல் கீழுதட்டில் படுகிறது. தொண்டையில் விரல் வைத்து முதல் ஒலியை நீட்டினால் வேறுபாடு விரலுக்கே தெரியும். ஒலி பிறக்கும் இடத்தையும் முறையையும் சொல்ல ‘பிறப்பியல்’ என்றே ஓர் இயல் வகுத்தது தொல்காப்பியம். இந்த அணுகுமுறை நமக்கு அந்நியமல்ல.

வெள்ளைக்காரரைப் போலப் பேசவைக்கும் முயற்சி இது என்று சிலர் ஐயப்படலாம். உண்மை நேர்மாறானது. உலகப் பொதுமொழியாக ஆங்கிலம் பேசுவோரை ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியான நூலில், உயிரொலியின் குறில் நெடில் வேறுபாடும் வாக்கியத்தில் அழுத்தம் விழும் இடமும் புரிதலுக்கு அவசியம் என்றார். ‘திங்க்’ என்பதன் முதல் ஒலியை ஆங்கிலேயர் போலவே சொல்லவேண்டியதில்லை என்றும் சொன்னார். எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க ஆசிரியருக்கு இந்தக் கலைச்சொற்கள் வேண்டும். பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

மதிப்பெண்ணுக்குக் கலைச்சொற்கள் உதவாது என்பதும் சரியல்ல. ஒலிக்கு மட்டுமல்ல, எழுத்துக்கும் அவை உண்டு. ‘ஸ்ட்ராங் டீ’ சரி, ஆனால் மழைக்கு ‘ஹெவி ரெயின்’தான். எந்தச் சொல்லோடு எது சேரும் என்னும் இந்தப் பழக்கத்துக்குக் கொலொகேஷன் என்று பெயர். அதை அறிந்தவர் விடைத்தாளில் வெறுமனே சுழிக்காமல், சேரவேண்டிய சொல்லை எழுதிக்கொடுப்பார். பி.எட். பயிற்சியில் இவற்றை வரையறைகளாக எழுதவைப்பது போதாது. மாணவரின் பிழையைக் கேட்டு அது எந்த வகை என்று பயிற்சி ஆசிரியரால் சொல்லமுடிகிறதா என்பதையும் மதிப்பிடவேண்டும்.