பதினாறு கட்டமும் ஒரு தண்ணீர் கேனும்



வீட்டில் இருந்தபடியே எலெக்ட்ரானிக் இசை செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களின் கடிதங்கள் இப்போது நிறைய வருகின்றன. கல்லூரி மாணவர்கள் எழுதுகிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்களும் எழுதுகிறார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "லேப்டாப் இருக்கிறது. அடுத்து என்ன வாங்க வேண்டும்?"

ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆப்பிள் கணினியோ ஐபோனோ வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் காசில்லாமல் கிடைக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் பாட்டைச் செய்து ஆடியோவாக எடுத்துக்கொள்ளலாம். சேமித்த வேலையை மறுபடி திறக்க மட்டும் முடியாது. தொடங்கியதை உட்கார்ந்த இடத்திலேயே முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் புதியவருக்கு நல்லது என்றே நினைக்கிறேன். ஹெட்போன் மட்டும் ஒயர் வைத்ததாக இருக்கட்டும். புளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும். விரல் தட்டுவதும் காதில் விழுவதும் ஒட்டாது.

ஸ்பீக்கரும் இப்போது வேண்டாம். நான் ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு பெரிய ஜோடியாக வாங்கி, பத்துக்குப் பத்து அறையின் மூலையில் வைத்தேன். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகிவிடும். அறையில் நெஞ்சை அதிர வைத்த கிக் (தாழ்ந்த ட்ரம் அடி), நண்பரின் காரில் போட்டபோது இருக்கும் இடமே தெரியவில்லை. ஆறு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

மென்பொருளைத் திறந்தால் ஒரு வரிசையில் பதினாறு கட்டங்கள் இருக்கும். இடமிருந்து வலமாக ஒரு சின்ன வெளிச்சம் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டத்தைத் தொட்டால் வெளிச்சம் அங்கே வரும்போது ஒலிக்கும். நான்கு அடி, அடிக்கு நான்கு கட்டம். இந்தப் பதினாறை உலகத்துக்கே பழக்கிவிட்டது ஒரு ஜப்பானியக் கருவி. இகுதாரோ ககேஹாஷி தொடங்கிய ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட டிஆர்-808. முகப்பின் அடியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நிறத்துக்கு நான்காகப் பதினாறு பொத்தான்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ரோஜர் லின் செய்த எல்எம்-1 நிஜ ட்ரம்மைப் பதிவு செய்தே ஒலித்தது. விலை ஏறத்தாழ 5,000 டாலர். 808-ன் ஒலிகளோ மின்சுற்றில் பிறந்தவை. நிஜ ட்ரம் போல இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 கருவிகளோடு 1983-ல் உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடைகளுக்குப் போன அந்தக் கருவிகளைக் குறைந்த விலையில் வாங்கிய பையன்கள்தான் ஹிப்ஹாப்பையும் டெக்னோவையும் வளர்த்தார்கள்.

808-ஐக் கையில் எடுத்தவர்களில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. மும்பையில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங். அவர் 808-ல் டிஸ்கோ தாளம் போட்டு, ரோலண்டின் இன்னும் இரண்டு கருவிகளைக் கொண்டு பைரவ், லலித், யமன் என்று பத்து ராகங்களை வாசித்து 1982-ல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோது, பின்னாளில் சிகாகோவில் பிறந்த ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையின் சாயல் இதில் அப்போதே இருக்கிறதே என்று மேல்நாட்டு ரசிகர்கள் வியந்தார்கள். தேடிக் கேளுங்கள். ராகம் தெரிந்த காது எலெக்ட்ரானிக் இசைக்குத் தடையில்லை என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

சரி, கை வைப்போம். வேகம் நிமிடத்துக்கு 120 அடி. கிக் 1, 5, 9, 13-ம் கட்டங்களில். கைத்தட்டல் ஒலி 5, 13-ல். ஹைஹேட் என்ற சின்ன சிம்பல் ஒலி 3, 7, 11, 15-ல். ஹவுஸ் இசையின் அடித்தளம் இவ்வளவுதான். போட்ட உடனே தலை ஆடும். ஹைஹேட்டைப் பதினாறிலும் நிரப்பிப் பாருங்கள், தையல் மிஷின் ஓடுவது போல ஆகிவிடும். புதியவர்கள் மனம் தளர்ந்து மென்பொருளை மூடிவிடுகிற இடம் இதுதான். ஒலி சரியில்லை என்று நினைத்து, புது ஒலிகளைத் தேடி இணையத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு வாயைத் திறங்கள். "தகதிமி தகதிமி" என்று நாலு தரம் சொல்லுங்கள். நாலு எழுத்தையும் ஒரே அழுத்தத்தில் சொல்ல உங்களால் முடியாது. 'த' விழும், 'க' ஒதுங்கும், 'தி' கொஞ்சம் எழும், 'மி' அடங்கும். மிருதங்கம் கற்கும் குழந்தைக்குத் தோலைத் தொடும்போதே சொல்லும் சேர்ந்து வருவது இதற்காகத்தான். மென்பொருளில் அழுத்தத்துக்கு வெலாசிட்டி என்று பெயர்; 1 முதல் 127 வரை எண். நிரப்பிய ஹைஹேட்டில் 'த'வுக்கு 110, 'க'வுக்கு 55, 'தி'க்கு 85, 'மி'க்கு 60 என்று வைத்து ஓட விடுங்கள். ஒலி அதேதான், ஆனால் ஆள் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும்.

அடுத்து "தகிட தகிட தக" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் எட்டு, இரண்டு தரம் சொன்னால் பதினாறு. அழுத்தம் 1, 4, 7, 9, 12, 15-ல் விழும். கிக்கை நான்கு அடியிலும் வைத்துவிட்டு ஸ்நேர் ட்ரம்மை 4, 7, 12, 15-ல் மட்டும் போடுங்கள். லத்தீன் அமெரிக்காவின் ரெகேடான் தாளம் கையில் வந்துவிடும்.

"நம்ம ஊர்க் குத்து மட்டும் எப்படிப் போட்டாலும் வர மாட்டேன் என்கிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் காதில் குறையில்லை, கட்டம்தான் அந்தத் தாளத்துக்கு உரியதில்லை. குத்து பெரும்பாலும் திஸ்ரத்தில் நடக்கிறது, அடிக்கு மூன்று. பதினாறு கட்டத்தில் அது எங்கேயும் உட்காராது. அமைப்பில் போய் அடிக்கு மூன்று கட்டம், மொத்தம் பன்னிரண்டு என்று மாற்றுங்கள். பிறகு வாயில் வருகிறபடியே கட்டத்தில் வையுங்கள்.

நான்குக்கும் மூன்றுக்கும் நடுவிலும் இடம் உண்டு. ரோஜர் லின் தன் கருவிகளில் வைத்த ஸ்விங் என்ற வசதி அதைத்தான் செய்கிறது. 50 சதவீதத்தில் நேர் நடை, 66-ஐத் தொட்டால் திஸ்ரம்; இடையில் 54, 58 என்று நகர்த்தினால் தாளம் இடுப்பை அசைக்கும். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹிப்ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா இன்னும் ஒரு படி போனார். எம்பிசி 3000 என்ற கருவியில், அடிகளைக் கட்டத்தில் ஒட்டவிடாமல் சற்று முன்னும் பின்னும் விழவிட்டார். 2006-ல் 32 வயதில் காலமான அவருடைய எம்பிசி இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி ஒலிகள். ஆயிரக்கணக்கில் இறக்கி வைப்பதை விட வீட்டிலேயே ஐந்து எடுங்கள். காலியான இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளங்கையால் அடித்தால் அருமையான கிக். இட்லிப் பானை மூடியைக் கரண்டிக் காம்பால் தொட்டால் சிம்பல். அரிசி டப்பாவைக் குலுக்கினால் ஷேக்கர். செல்போனில் பதிவு செய்தால் போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் தண்ணீர் கேன் கிக் முதல் மூன்று நாளும் தாளத்தில் ஒட்டவே இல்லை. எங்கே வைத்தாலும் இழுத்தது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை கேனில் படுவதற்கு முன் முப்பது மில்லிவினாடி வெறும் மௌனம், தட்டையாக ஒரு கோடு. 120 வேகத்தில் ஒரு கட்டமே 125 மில்லிவினாடிதான். அந்த மௌனத்தை வெட்டி எறிந்ததும் கேன் அடியில் போய் உட்கார்ந்தது. எந்த ஒலியைப் பதிவு செய்தாலும் முதல் வேலையாகத் தலையை வெட்டுங்கள்.

நல்ல தாளம் ஒன்று அமைந்ததும் அதையே இரவெல்லாம் ஓட விட்டுக் கேட்கத் தோன்றும். நானும் கேட்டிருக்கிறேன், அது பெரிய சுகம். ஆனாலும் ஒன்றரை நிமிடப் பாட்டாக அதை முடித்துவிடுங்கள். எட்டு ஆவர்த்தனத்துக்கு (பதினாறு கட்டமும் ஒரு சுற்று வந்தால் ஓர் ஆவர்த்தனம்) ஒருமுறை எதையாவது எடுங்கள், அல்லது சேருங்கள். கிக்கை இரண்டு ஆவர்த்தனம் நிறுத்தித் திரும்பக் கொண்டு வாருங்கள்.

முடித்ததும் வீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம், அன்பினால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் காலைப் பாருங்கள். கால் எந்த இடத்தில் ஆடுவதை நிறுத்துகிறதோ அந்த ஆவர்த்தனத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்