கூப்பிட்டும் போகாத மேசை

எங்கள் சமூகத்தில் அழைப்பிதழுக்குக் குறைவில்லை. பூப்புனித நீராட்டு விழா, அரங்கேற்றம், ஐம்பதாவது பிறந்தநாள், நூல் வெளியீடு என்று மாதத்துக்கு நாலாவது வந்துவிடும். ஹெர்னிங்கில் மண்டபம் என்றால் கோபன்ஹேகனிலிருந்து மூன்று மணித்தியாலம் கார் ஓடிப் போவோம். போகாவிட்டால் மனத்தாங்கல், அடுத்த விழாவில் முகம் திருப்பல். இப்படி அழைப்பைத் தலைமேல் வைக்கிற நாங்கள் ஒரு வகை அழைப்பை மட்டும் வந்த கையோடு எறிந்துவிடுகிறோம். இணையவழி மேசை விளையாட்டு மென்பொருள்களின் பீற்றா சோதனைக்கு வாருங்கள் என்கிற மின்னஞ்சல்தான் அது.

இந்தச் சொற்கள் பழக்கமில்லாத மூத்த வாசகருக்காக ஒரு விளக்கம். பலகை, தாயக்கட்டை, காட்ஸ், காய்கள் எல்லாவற்றையும் திரையில் வைத்து, ஓகூசில் ஒருவர், ரொறொன்ரோவில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் என்று ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. றோல்20, ரேபிள்ரொப் சிமுலேற்றர், போர்ட் கேம் அறீனா போன்ற பெயர்களைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவற்றைப் போன்ற ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதற்கு முன்பு, செய்பவர்கள் கொஞ்சம் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். வந்து விளையாடுங்கள், எது உடைகிறது, எது புரியவில்லை என்று எழுதுங்கள் என்கிறார்கள். அதுதான் பீற்றா சோதனை.

டென்மார்க்கில் இந்த அழைப்பு எங்கள் பிள்ளைகளுக்கு வருகிறது. கணினி படிப்பவர்கள், கோபன்ஹேகனின் பாஸ்ரார்ட் கஃபேயில் சனிக்கிழமை இரவைக் கழிப்பவர்கள், ஈஸ்ரர் விடுமுறைக்கு ஃபாஸ்ரவால் போகிறவர்கள். பெற்றோரின் பதில் ஒன்றே: “உது விளையாட்டுத்தானே, படிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு?” பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் போய்ச் சேர்கிறது. விண்ணப்பப் படிவத்தில் “நீங்கள் பயன்படுத்தும் மொழிகள்” என்ற கட்டத்தில் டேனிஷ், ஆங்கிலம் என்று எழுதுகிறது. என் சண்டை இந்த இரண்டு தரப்போடும்தான்.

முதலில் பெற்றோருக்கு. நீங்கள் வந்து சேர்ந்த நாட்டில் விளையாட்டைச் சில்லறைக் காரியமாக யாரும் நினைப்பதில்லை. 1942இல், ஜெர்மன் படை இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், பீற் ஹைன் கண்டுபிடித்த ஒரு பலகை விளையாட்டைப் பொலிற்றிக்கன் நாளிதழ் வெளியிட்டது. இன்று உலகம் அதை ஹெக்ஸ் என்று அறியும். கணித ஆய்வாளர்கள் இன்னும் அதை ஆராய்கிறார்கள். 1986இல் ஓகூசில் தொடங்கிய ஃபாஸ்ரவாலில் ஆண்டுதோறும் புதிய கதை விளையாட்டுகளும் பலகை விளையாட்டுகளும் அரங்கேறுகின்றன. சிறந்தவற்றுக்குத் தங்கநிறப் பென்குயின் சிலை கொடுக்கிறார்கள். ஒரு விளையாட்டை எழுதினால் அதை முன்கூட்டியே ஆட்களை வைத்து ஆடிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே பால்குடி வழக்கம். அதற்கு ‘ஸ்பில்ரெஸ்ற்’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அப்படி ஆடிப் பார்க்கும் மேசையில் இருப்பவர் விருந்தாளி இல்லை. அந்த விளையாட்டின் விதியைத் திருத்துகிறவர்.

அடுத்தது பிள்ளைகளுக்கு. சோதனைக் காலத்தில் மேசைக்கு இன்னும் ஆணி அடித்து முடியவில்லை. எந்தக் கால் ஆடுகிறது என்று யார் சொல்கிறார்களோ அவர்களுக்காகத்தான் அது திருத்தப்படும். எந்த நிறுவனத்திலும் பிழைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கும், எத்தனை பேர் முறையிட்டார்கள் என்ற எண்ணிக்கையும் பக்கத்தில் இருக்கும். வெளியீடு முடிந்த பிறகு போய்த் “தமிழ் உடைகிறது” என்றால், அது பட்டியலின் அடியில் போய் உறங்கும். அடித்தளத்தை மாற்ற வேண்டிய பிழையை வெளியீட்டுக்குப் பிறகு தொட எவருக்கும் மனம் வராது.

எது உடைகிறது? முதலில் எழுத்து. தமிழ் 1991ஆம் ஆண்டின் முதல் யுனிகோட் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் யுனிகோட்டில் இருப்பதும் திரையில் சரியாகத் தெரிவதும் வேறுவேறு. ‘கெ’ என்று எழுதினால் கணினியின் நினைவில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் இருக்கும். திரையில் வரையும்போது கொம்பை ககரத்துக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும். ‘கொ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம். இந்த வேலையைச் செய்யாத மென்பொருளில் பொன்னியும் கெளரியும் கைகால் பிசகித்தான் நிற்பார்கள்.

இதில் டென்மார்க்குக்கு நேரடித் தொடர்பு உண்டு. உலகின் மிகப் பரவலான விளையாட்டு எந்திரங்களில் ஒன்றான யுனிற்றி 2004இல் கோபன்ஹேகனில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் படைப்பு. ரேபிள்ரொப் சிமுலேற்றர் அதில்தான் கட்டப்பட்டது. யுனிற்றியில் எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் கருவி, கொம்பை இடம்மாற்றும் வேலையை நீண்டகாலமாகத் தானாகச் செய்யவில்லை. தமிழில் விளையாட்டுச் செய்தவர்கள் எழுத்துருவை ஏமாற்றி ஒப்பேற்றினார்கள். அண்மைப் பதிப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான புதிய வழி வந்திருக்கிறது. ஆனால் வழி இருப்பது போதாது. ஒவ்வொரு மென்பொருளிலும் அதைச் செய்பவர் அந்த வழியைத் தெரிந்தெடுக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் ஏன் தெரிந்தெடுப்பார்?

இரண்டாவது, விதி. எங்கள் வீடுகளில் விடிய விடிய நடக்கும் முந்நூற்று நாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. ஒரு இனத்துக்கு எழுபத்தாறு, நாலு இனத்துக்கு முந்நூற்று நாலு. நாலு தாள் போட்டதும் கேள்வி, பிறகு மிச்ச நாலு தாள். துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், கூட்டாளிக்கும் தெரியக்கூடாது, உரிய நேரத்தில் திறக்க வேண்டும். ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். ஐரோப்பிய விளையாட்டுகளை மட்டும் நினைத்துச் செய்த மேசையோ இடப்பக்கமாகச் சுற்றும், ஆசைப் பெரிய தாளாக வைத்திருக்கும். தாயத்துக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. நாலு பக்கமுள்ள நீளக்கட்டை இரண்டையோ ஒரு பிடி சோகியையோ உருட்ட வேண்டும். திரையில் இருப்பதோ ஆறு பக்கக் கட்டையும் இருபது பக்கக் கட்டையும். இந்தக் குறைகளை வைலயில் பிறந்த டேனிஷ் இளைஞர் கண்டுபிடிக்க மாட்டார். கண்டுபிடிக்க அவருக்கு வழியும் இல்லை. அம்மப்பாவோடு ஒரு முறையாவது காட்ஸ் விளையாடியவர்தான் சொல்ல முடியும்.

சென்ற ஆண்டு இப்படி ஒரு மூடிய சோதனையில் நானும் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மேசையில் என் பெயரைத் தமிழில் எழுதினேன், கொம்பு தனியே போய் விழுந்தது. படம் பிடித்து, எப்படி வர வேண்டும் என்றும் விளக்கி அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது: இதைச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான், ஆகவே இந்தப் பதிப்பில் இதற்கு முன்னுரிமை இல்லை. அந்தச் சோதனையில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளே ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். பிழை அவர்கள் கண்ணில் பட வாய்ப்பே இருக்கவில்லை. நிறுவனத்தின்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த ஆறு பெயரைப் பார்த்ததும் பாதியாகக் குறைந்துவிட்டது.

“அவங்கள் தமிழுக்குச் செய்ய மாட்டாங்கள்” என்று சலித்துக்கொள்பவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கட்டும். டேனிஷ் மன்னர் அனுப்பிய சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழில் அச்சடிப்பதற்கான எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தால் காகிதம் கட்டுப்படியாகியிருக்காது. பக்கத்துப் பொறையாறில் சிறிய எழுத்துகள் புதிதாக வார்க்கப்பட்டன. 1715இல் புத்தகம் முடிந்தது. ஐரோப்பாவில் செய்த தமிழ் எழுத்து, தமிழ் வாசிக்கப்படும் இடத்தில் சோதிக்கப்பட்ட பிறகே உருப்பட்டது. முந்நூறு ஆண்டு கடந்தும் கதை அதேதான்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1990களின் இறுதியில் திஸ்கி குறியேற்றத்தை உருவாக்கியவர்கள் யார்? சிங்கப்பூர், மலேசியா, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா என்று சிதறியிருந்த தமிழர்கள். பகலில் வேறு வேலை, இரவில் மின்னஞ்சல் வழியே எழுத்து எழுத்தாகச் சோதனை. அவர்களை எந்த நிறுவனமும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போய் வேலை செய்த அவர்களால்தான் அன்று நாங்கள் தமிழில் மடல் எழுதினோம். அவர்களின் பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் கூப்பிட்ட இடத்துக்குக்கூடப் போவதில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்பு வரும். ஒன்று, கூலியில்லா வேலை என்பது. நியாயமான மறுப்பு. நிறுவனம் விற்றுக் காசு பார்க்கப்போகிற பொருளைத் திருத்த எங்கள் பிள்ளை ஏன் சும்மா உழைக்க வேண்டும்? எல்லா அழைப்புக்கும் போகச் சொல்லவில்லை. இரகசிய ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்டால் வாசித்துவிட்டு இடுங்கள். முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று பதில் கேளுங்கள். மொழிபெயர்த்துக் கொடுத்தால் பெயர் போடச் சொல்லுங்கள், பணமும் கேளுங்கள். போர்ட் கேம் அறீனா போன்ற தளங்களை விளையாடுபவர்களே பல மொழிகளில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அங்கே செய்கிற வேலையின் பலன் நேரே உங்கள் மேசைக்கு வருகிறது. பேரம் பேசலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் மேசையில் உட்கார்ந்துகொண்டு தமிழை மட்டும் வெளியே நிறுத்துவதற்குக் கூலிக் கணக்கைச் சாட்டாதீர்கள். டேனிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் நீங்கள் ஏற்கெனவே சும்மாதான் உழைக்கிறீர்கள்.

மற்றது, நாங்களே தமிழ்ச் செயலி செய்வோம் என்பது. செய்யுங்கள், நல்லது. ஆனால் நான் கண்டவற்றில் பல, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி வெளியிடப்பட்டு, அடுத்த ஆண்டு புதுத் தொலைபேசியில் திறக்காமல் போனவை. வெளியீட்டு விழாவுக்கு இருநூறு பேரைத் திரட்டத் தெரிந்த எங்களுக்கு, அதற்கு முன்பு இருபது பேரை உட்கார்த்தி உடைத்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்னொன்று, தனித்தீவில் போட்ட மேசைக்குப் பிள்ளையின் டேனிஷ் சிநேகிதன் வரமாட்டான். அவன் வராத இடத்தில் பிள்ளையும் கனநாள் இருக்காது.

இது எழுத்துப் பிழைபற்றிய முணுமுணுப்பு மட்டும் என்று நினைப்பவர்கள் 2002ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தாய்மொழி படிப்பிக்கும் கடமை அந்த ஆண்டோடு நகரசபைகளிடமிருந்து எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து தமிழ், வார இறுதிப் பள்ளியில் தொண்டர்களின் தோளில் நிற்கிறது. அந்தப் பள்ளியும் பதின்ம வயதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஓர் இளைஞர் தமிழை எங்கே எழுதுவார்? பரீட்சை இல்லை, வேலையில் தேவை இல்லை, அம்மாவுக்குக் குரல் செய்தி போதும். மச்சாள் ரொறொன்ரோவில், சித்தப்பா பரிசில், அம்மப்பா யாழ்ப்பாணத்தில் இருக்கிற குடும்பம் ஒன்றாக உட்காரக் கிடைத்த இடங்களில் இந்தத் திரை மேசையும் ஒன்று. அங்கே சித்தப்பா “கேள்வி சொல்லு” என்று தமிழில் எழுதினால் சரியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரண்டாம் நாள் அவரும் ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுவார். மூன்றாம் நாள் மொழியே மாறிவிடும்.

ஆகவே அடுத்த அழைப்பு வந்தால், மொழிக் கட்டத்தில் தமிழை முதலில் எழுதுங்கள். உள்ளே போனதும் உங்கள் பெயரைத் தமிழில் இடுங்கள். கொம்பும் காலும் உள்ள நாலு சொல்லை அரட்டைப் பெட்டியில் எழுதிப் பாருங்கள். உடைந்தால் படம் பிடித்து, எப்படி வர வேண்டும் என்றும் சேர்த்து அனுப்புங்கள். தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அதே முறைப்பாட்டை அனுப்பச் சொல்லுங்கள். சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆண்டு விழாவில் ஒரு பேச்சாளரைக் குறைத்து, அந்த நேரத்தில் பிள்ளைகளை ஒரு கணினி முன் உட்கார்த்தி, அம்மப்பாவையும் பக்கத்தில் இருத்தி, முந்நூற்று நாலு ஆட விடுங்கள். எது உடைகிறது என்று அம்மப்பா சொல்வார். பிள்ளை அதை நிறுவனத்துக்கு எழுதும்.