சிறுத்தையை ஒழித்தால் சம்சாரிக்கு லாபமா?

மேக்கரை, வடகரை, பண்பொழி வட்டாரச் சம்சாரிகளுக்குக் காட்டுப்பன்றியால் இரவில் உறக்கமில்லை. மக்காச்சோளம் பால் பிடிக்கும் தருணம் பார்த்துக் கூட்டமாக இறங்குகிறது. தின்பதைவிட உழக்கிப் பாழாக்குவது அதிகம். புதிதாக நட்ட தென்னங்கன்றையும் தோண்டிப் போடுகிறது. போதாக்குறைக்கு, சிறுத்தை ஆட்டைத் தூக்கிய செய்தியும் அவ்வப்போது வருகிறது. பன்றியைச் சுட வேண்டும், சிறுத்தையையும் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்று விவசாயிகள் கேட்பதில் வியப்பில்லை.

ஆனால் இந்த இரண்டு கோரிக்கைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. காட்டுப்பன்றி ஒரே ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் போடும். அந்தக் குட்டிகளை அடித்துத் தின்பவை சிறுத்தையும் செந்நாயும். கூலி கேட்காத இந்தக் காவலாளிகளை விரட்டிவிட்டுப் பன்றி பெருகிவிட்டதே என்று அழுவதில் பயனில்லை.

அந்தத் தவறு முன்பே நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் செந்நாய் மானைத் தின்று தீர்க்கிறது என்று சொல்லி, அதைக் கொன்றவர்களுக்குச் சன்மானம் கொடுத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே செந்நாய்க்கு உயிர்ப் பாதுகாப்புக் கிடைத்தது. 2015-ல் வெளியான மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதிலும் ஈனும் பருவத்திலுள்ள செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான்.

சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன என்று கேட்கலாம். மகாராஷ்டிராவின் ஜுன்னர் வட்டாரத்தில் 2001 முதல் 2003 வரை அப்படித்தான் செய்தார்கள். மனிதரைத் தாக்குவது குறையவில்லை; கூடியது. கொண்டுபோய் விட்ட இடங்களின் அருகிலும் புதிதாகத் தாக்குதல் தொடங்கியது. அதனால் 2011-ல் மத்திய அரசே, கண்டபடி பிடித்து இடம் மாற்ற வேண்டாமென்று நெறிமுறை வகுத்தது.

அதற்காக, எல்லாவற்றையும் சிறுத்தை பார்த்துக்கொள்ளும் என்று சம்சாரியைக் கைவிடுவதும் நியாயமல்ல. வயலில் தீனி கிடைக்கும்வரை பன்றி வரத்தான் செய்யும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் எதுவும் கூடாது. அடிவாரத்து வயலோ காட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அதிக நஷ்டப்படுகிறவனுக்கே இந்த முடிவால் பலன் குறைவு. அவனுக்கு நஷ்டஈடு அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும். தனித்தனியாக வேலி போட வசதியில்லாத சிறு விவசாயிகளுக்கு, ஊர்ப் பொதுவில் சூரிய மின்வேலி அமைக்க அரசு உதவ வேண்டும்.

விவசாயிகளுக்கும் கடமை உண்டு. திருட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சினால் பன்றி மட்டுமா சாகிறது? யானை சாகிறது; விடியலில் மடை பார்க்கப் போகும் மனிதனும் சாகிறான். அவுட்டுக்காயும் சுருக்குக் கண்ணியும் ஆள் பார்த்து, மிருகம் பார்த்து வேலை செய்வதில்லை. ஆடுகளை இரவில் கூரையுள்ள பட்டியில் அடைத்தால் சிறுத்தைப் பயம் பெருமளவு குறையும். குற்றாலம் சீசனில் எச்சில் இலையையும் மிச்சச் சோற்றையும் காட்டோரம் கொட்டினால் பன்றியும் நாயும் கூடும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். பேரூராட்சியும் கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது. பன்றிக்கு எதிராகச் சம்சாரி கேட்பது நியாயமான கோரிக்கை. அதைச் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் எதிராகத் திருப்பினால் நஷ்டம் அவனுக்கே.