ஆற்றுக்குக் கணக்கப்பிள்ளை இல்லையா?

ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிகழ்ந்ததை நம் ஜனங்கள் அதற்குள் மறந்துவிட்டார்கள் போலும்! சுங்கை கிம் கிம் என்னும் சிற்றாற்றில் இரசாயனக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 7-ஆம் நாள் பாசிர் பூத்தே பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறியும் வாந்தியெடுத்தும் வீழ்ந்தனர். முழுவதும் அள்ளப்படாமல் கிடந்த கழிவு வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிப் பரவ, 11-ஆம் நாள் மீண்டும் பலர் வீழ்ந்தனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. சிகிச்சை நாடியோர் ஏறக்குறைய 6,000 பேர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டோர் 2,775 பேர்.

இதை "விபத்து" என்று சிலர் சொல்கின்றனர். "விதி" என்று வேறு சிலர் பெருமூச்சு விடுகின்றனர். தானாக எந்த விஷமும் ஆற்றுக்கு நடந்து போவதில்லை. ஏற்றுவதற்கு ஓர் ஆள், ஓட்டுவதற்கு ஓர் ஆள், கூலி கொடுப்பதற்கு ஒரு முதலாளி இல்லாமல் அது போகுமா? மனிதன் செய்ததற்கு விதியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது கோழைத்தனமேயன்றி வேறல்ல.

நான் ஒரு தோட்டக் கிராணி. எங்கள் ஸ்டோரில் ஒரு மூட்டை உரம் குறைந்தால் அன்று மாலைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் டன் கணக்கில் விஷம் குறைந்தால் மட்டும் கேட்பாரில்லையா? சட்டம் இல்லாமலில்லை. 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவை 180 நாட்களுக்கு மேலோ, 20 டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்கலாகாது. அதற்குப் பதிவேடும் வைத்தாக வேண்டும். பதிவேடு இருக்கிறது; அதை மெய்யாகப் படிப்பவர் யார் என்பதே நமது கேள்வி.

ஆற்றைச் சுத்தம் செய்யச் சர்க்கார் ஒதுக்கியது 64 லட்சம் வெள்ளி. அந்நாளில் இக்குற்றத்திற்கு உச்ச அபராதமோ 5 லட்சம் வெள்ளி! எந்தக் கணக்கப்பிள்ளையும் இதைக் கண்டு நகைப்பான். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அபராதத்தின் உச்சவரம்பு 1 கோடி வெள்ளியாக உயர்ந்தது, அதை வரவேற்கிறோம். ஆயினும் அபராதம் பிள்ளை வீழ்ந்த பிறகு வருவது. 2019 ஜூன் மாதத்திலேயே பாசிர் கூடாங் பிள்ளைகள் மறுபடியும் மூச்சுத் திணறினார்களே!

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஆலைக்குள் சென்ற சரக்கையும் வெளிவந்த கழிவையும் ஒத்துப்பார்க்கும் தணிக்கை வேண்டும். ஆற்றின் மேற்புறத்தில் எந்த ஆலையில் எந்த விஷம் இருக்கிறதென்பது பள்ளிக்கும் குடியிருப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் தொழிலாளியின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும்.

பிறரை மட்டும் ஏசிப் பயனில்லை. ஒரு சமயம், காலி மருந்து டின்களை எண்ணிப் பாராமலே "சரி" என்று நான் கையெழுத்திட்டதுண்டு. எண்ணச் சொல்வாருமில்லை; எண்ண எனக்கு மனமுமில்லை. அவற்றில் எத்தனை ஓடைக்குப் போயினவோ! எங்களைப் போன்றோரின் பேனா பொய் எழுத மறுத்தால் பாதி விஷம் படியிறங்காது. லாரி ஓட்டும் தோழரே, ஏட்டைத் திறக்கும் தோழரே, அந்த ஓடையின் கீழ்ப்புறத்தில் இருப்பது உம்முடைய பிள்ளையின் பள்ளிக்கூடம்! இன்று கையெழுத்திடுமுன் ஒருமுறை எண்ணிப் பாரும்.