கடல் இருந்த ஊருக்குக் காவல் இல்லை

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துக்குப் பக்கத்தில், மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகிவிட்ட பொட்டல் ஒன்று இருக்கிறது. இறங்கி நடந்தால் காலடியில் ஜிப்சத் தகடுகள் சரக்சரக்கென்று நொறுங்கும். நடுநடுவே விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரிப் பழுப்புக் கற்கள் கிடக்கும். உடைந்த ஒன்றை எடுத்து, உடைந்த பக்கத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து நாலாபுறமும் சக்கரத்தின் ஆரங்கள் போலப் படிகக் கோடுகள் ஓடும். பெலம்னைட் என்று பெயர். கணவாய்க்குப் பங்காளி முறையான ஓர் உயிரின் உள்ளோடு அது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பொட்டல் கடலாக இருந்தது.

சென்ற முறை நான் போனபோது அந்தத் தகடுகளோடு பீர் பாட்டில் சில்லும் கலந்து கிடந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நாலு பேர் சாக்கில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டேன். "சும்மா கிடக்கிற கல்லுதானே சார்" என்றார் ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இது சும்மா கிடக்கிற கல் அல்ல என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இந்தியாவில் நிலவியல் ஒரு விஞ்ஞானமாக வளர்ந்த கதையில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு மதராஸ் அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் விவரித்தார். சுருள் சுருளான ஓடு கொண்ட அம்மோனைட் என்ற பழங்கடல் உயிர்களுக்குப் பெயர் வைக்கும்போது, வந்த நாட்டை நினைத்து இந்திரா, சூர்யா, பிரம்மா, கருடா, கணேசா என்று நம் தெய்வப் பெயர்களையே சூட்டினார். அந்தப் பெயர்கள் இன்றும் உலக அறிவியல் ஏடுகளில் அப்படியே இருக்கின்றன.

1851-ல் தாமஸ் ஓல்டாம் கல்கத்தாவில் பொறுப்பேற்றதோடு இந்திய நிலவியல் ஆய்வு மையம் பிறந்தது. நிலக்கரி தேடுவதுதான் அதன் முதல் வேலை. ஆனாலும் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மையத்தின் ஹென்றி பிளான்ஃபோர்டு நம் பக்கம் வந்து பாறை அடுக்குகளைப் பிரித்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார். ஸ்டோலிஷ்கா என்ற மொராவியர் இந்த மண்ணின் சிப்பி, நத்தை, அம்மோனைட்டுகளைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதி 1873-ல் முடித்தார். மறு ஆண்டே லடாக் மலைகளில் இறந்துபோனார், வயது 36. டைனோசர்கள் அழிந்த காலத்தின் விளிம்பைப் படிக்க விரும்புகிறவர்கள் இன்றும் இந்தப் பகுதியில் உள்ள நின்னியூரைத் தேடி வருகிறார்கள்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். தஞ்சை மண்ணில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன், 1951-ல் அந்த ஆய்வு மையத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-ல் வெளியுலகுக்குக் காட்டியவர் அவர்தான். ஊர்க்காரர்கள் கல்மரம் என்பார்கள்.

இத்தனை இருந்தும் நாம் காப்பாற்றிய லட்சணத்துக்குக் கல்லமேடு ஒன்று போதும். அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற அந்த இடத்தில் கிடைத்த பிரம்மாண்டமான டைனோசர் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 1987-ல் விவரித்தார்கள். கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். உலகின் மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. பார்த்து முடிவு சொல்ல அந்த எலும்புகள் இல்லை. பொடிந்து போய்விட்டன. மிஞ்சியவை சில படங்களும் கோட்டோவியங்களும்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

காரையையும் சாத்தனூரையும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்கிறோம். அது ஆய்வு மையம் கொடுத்த பட்டம். சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. பாதுகாக்கப்பட்ட பழைய கோயிலின் சிற்பத்தை உடைத்தால் 1958-ம் ஆண்டுச் சட்டம் பாயும். பத்துக் கோடி ஆண்டுப் படிவத்தைச் சாக்கில் அள்ளினால் கேட்க நாதி இல்லை. 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் நிலவியல் பாரம்பரிய இடங்களுக்காக ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கேட்டதோடு நிற்கிறது. அதிகாரமெல்லாம் டெல்லியிலேயே குவிகிறது என்று ஆய்வாளர்கள் சொன்ன குறையில் நியாயம் உண்டு. அதைத் திருத்தி, மாநிலத்துக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஊராட்சிக்கும் இடம் கொடுத்துச் சட்டமாக்குங்கள். கிடப்பில் போடாதீர்கள்.

அதுவரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. காரைப் பொட்டலுக்கு இரண்டு காவலர்கள் போதும். அந்த ஊர்ப் பிள்ளைகளையே பயிற்சி கொடுத்து அமர்த்தலாம். வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டவும் அவர்களே போதும். எது எடுக்கக் கூடாது, ஏன் கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள்.

சிமெண்ட் ஆலைகளை மூடச் சொல்லவில்லை. அரியலூரில் எத்தனையோ அடுப்பு அதனால் எரிகிறது. ஆனால் அவை வெட்டி அரைக்கும் சுண்ணாம்புக்கல் முழுக்கப் பழைய கடலின் உயிர்கள். சுரங்கத்தில் வெடி வைத்துப் புதிய முகம் திறக்கும்போதெல்லாம் ஒரு தொல்லுயிர் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும், முக்கியமானது கிடைத்தால் அரைவைக்குப் போகாமல் ஒப்படைக்க வேண்டும் என்பதைக் குத்தகை உரிமத்திலேயே நிபந்தனையாக எழுதலாம். மாநில அரசு மனது வைத்தால் தொடங்கக்கூடிய வேலை இது. கிடைப்பதை லண்டனுக்கோ கல்கத்தாவுக்கோ அனுப்பாமல் அரியலூரிலேயே ஈரம் படாமல் வைக்க வேண்டும். எந்த ஊரில், எந்த அடுக்கில் எடுத்தது என்ற சீட்டோடு வைக்க வேண்டும். சீட்டு இல்லாத படிவம் ஆய்வுக்கு உதவாது.

அடுத்த மழை வந்தால் காரையில் மண் இன்னும் கொஞ்சம் கரையும். புதிதாகச் சில படிவங்கள் வெளியே தலைகாட்டும். மழை நிற்பதற்குள் அந்த இரண்டு காவலர்களை நியமித்துவிடுங்கள்.