சும்மா நிற்கும் சுவர்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – வேதியியல்)

தீ என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எவை? மணியடித்துக்கொண்டு விரையும் தீயணைப்பு வண்டி, சுவரில் தொங்கும் சிவப்பு உருளை, வரிசையாக மாட்டிய மணல் வாளிகள். இவை யாவும் தீப்பிடித்த பின்னர், யாரேனும் ஒருவர் எடுத்து இயக்கினால் மட்டுமே பயன் தருபவை. ஆனால் இரவும் பகலும் வாய் திறவாமல் காவல் காக்கும் வேறு சிலவும் உண்டு: எரியாத கூரை, தடித்த சுவர், இறுக மூடும் கதவு, அகலமான மாடிப்படி, வெளியேற இரண்டாவது வழி. இவை சும்மா நின்றே உயிரைக் காப்பவை. ஒரு கட்டடத்தின் பாதுகாப்பை அளக்க வேண்டுமாயின் முதலில் பார்க்க வேண்டியவை இவைதாம் என்பது என் கருத்து.

இதை எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரையில் தென்னைக்குக் குறைவில்லை. என் தாயார் ஓலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கீற்று முடைந்து விற்பவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். என் கட்டணத்தில் பாதி கீற்று தந்த காசு. அந்தக் கீற்றைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

2004-ஆம் ஆண்டு ஜனவரி 23. திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், கீழே சத்துணவுக்காக மூட்டிய அடுப்பின் நெருப்பு சமையற்கூடத்தின் கீற்றில் பற்றி, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கூரை குழந்தைகள் மீதே சரிந்தது. இறங்குவதற்கு இருந்ததோ குறுகலான படிக்கட்டு. 94 பிஞ்சுகள் கருகின. நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் இன்று எனக்கு அண்ணன்மாராகவும் அக்காமாராகவும் இருந்திருப்பார்கள்.

குற்றம் கீற்றினுடையதா? நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் வீடும் கீற்று வேய்ந்ததுதான். தீப்பிடித்தால் நான்கு எட்டில் வாசலுக்கு வந்துவிடலாம். அதே கீற்றை மாடியில் வேய்ந்து, அதன் கீழ் நூற்றுக்கணக்கானோரை அமர்த்தி, அவர்கள் இறங்க ஓர் ஒடுங்கிய படியை மட்டும் வைத்தார்களே, குற்றம் அங்கே இருக்கிறது. அடுப்புக்கும் வகுப்பறைக்கும் இடையே எரியாத சுவரும், தலைக்கு மேல் எரியாத கூரையும், இறங்க அகலமான இரு படிகளும் இருந்திருந்தால், அன்று ஒரு சமையற்கூடத்தோடு தீ முடிந்திருக்கலாம் அன்றோ?

நாம் படிக்கும் வேதியியலும் இதைத்தான் சொல்கிறது. தாயார் ஊறவைத்த ஓலையின் நீர் நாலு நாள் வெயிலில் வற்றிவிடும். பிறகு அதற்கு ஒரு பொறி போதும். ஜிப்சம் அப்படியன்று. அதன் எடையில் நூற்றுக்கு 21 பங்கு படிக நீர். தீயின் வெப்பம் முதலில் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அதுவரை பலகையின் மறுபுறம் ஏறக்குறைய 100 டிகிரி அளவிலேயே நிற்கும். இரும்போ எரியாது, ஆயினும் 550 டிகிரி அளவில் தன் வலிமையில் பாதியை இழந்து வளைந்துவிடும். ஆகவேதான் இரும்புத் தூண்களுக்குக் காங்கிரீட் போர்வை அவசியமாகிறது. மாடிப்படிக்குக் கதவு இல்லையெனில் அதுவே புகைபோக்கியாகி, மேல் தளம் முழுவதும் நச்சுப் புகை நிறையும். தீ எட்டும் முன்பே புகை உயிரைக் குடித்துவிடும்.

கீற்றுக் கொட்டகைகள் குறைந்துவிட்டன, இனி என்ன கவலை என்று கேட்பீர்கள். இலண்டனில் கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் கட்டடத்துக்கு வெளிப்புறம் அழகாக உறை போர்த்தினார்கள். அலுமினியத் தகடுகளின் நடுவே இருந்தது எரியும் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று அந்த உறை வழியாகவே தீ ஏறியது. 72 பேர் இறந்தனர். அலுமினிய உறை போர்த்திய கடைகள் இன்று நம் ஊர்ச் சாலைகளிலும் மின்னுகின்றன. தகட்டின் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டவர் யார்? அது எரியும் பொருளாயின், அதுவும் பணக்காரக் கீற்றுத்தான்!

சட்டம் இல்லாமலில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-லேயே வெளிவந்துவிட்டது. அதற்கு 34 ஆண்டுகள் கழித்துத்தான் கும்பகோணம் எரிந்தது. பின்னர்ப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. பள்ளிகளின் தீப்பாதுகாப்புப் பற்றி உச்ச நீதிமன்றம் 2009-இல் உத்தரவு பிறப்பித்தது. விதி ஏட்டில் இருந்தால் போதுமா? செங்கல்லில் இருக்க வேண்டாமா?

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. என் அப்பத்தா சோளத்தட்டுப் போரை வீட்டை ஒட்டிப் போட விடமாட்டார். "காத்து அடிச்சா ஊடும் போயிரும் சாமி, தள்ளிப் போடு" என்பார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டிக்கு, இடைவெளியும் ஒரு சுவர்தான் என்று தெரிந்திருந்தது. முன்கூட்டியே காத்துக்கொள்ளாதவன் வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோல் போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவரும் எங்களைப் போல் ஒரு களத்துமேட்டைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பணம் வேண்டுமே என்பார் சிலர். சுவர் எழுப்பப் பணம் வேண்டும். வழியை அடைக்காமலிருக்க என்ன செலவு? சென்ற தை மாதம் உறவினர் திருமணத்துக்குச் சென்ற ஒரு மண்டபத்தில் பின்கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டின் அடியில் எரிவாயு உருளைகள். சாவி எங்கே என்று கேட்டேன். சிரித்தார்கள். ஊரை மட்டும் குறை சொல்வானேன்? நம் ஆய்வகத்தின் இரண்டாவது கதவை ஒரு பழைய அலமாரி மறைத்து நிற்கிறது. ஸ்பிரிட் விளக்கும் ஈதரும் புழங்கும் அறை அது.

ஆசிரியப் பெருமக்களே, நண்பர்களே! அந்த அலமாரியை நகர்த்த நான்கு பேர் போதும். முதல் ஆளாக நான் வருகிறேன். என் தாயார் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது பட்டம் வாங்கவும்தான், மாலையில் பத்திரமாக வீடு திரும்பவும்தான்.