உரிமம் ஊர் மாறியபோது

லோஹேகாவில் போர்விமானச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்ப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். 1939இல் பம்பாயின் பாதுகாப்புக்கென்று பிரிட்டிஷார் போட்ட ஓடுதளம் அது. இன்று விமானப்படையும் புனே நகரின் பயணிகள் விமான நிலையமும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓடுதளத்தைச் சுற்றியிருந்த வயல்களில் கடந்த இருபது வருடங்களில் அடுக்குமாடிகள் எழும்பின. 2017இல் ஊர் முழுவதுமாகப் புனே மாநகராட்சிக்குள் வந்தது. அந்த மாடிகளில் ஒன்றில் சில வருடங்கள் குடியிருந்தேன். மாதத் தவணை கட்டாத வீடு அந்தக் கட்டடத்தில் இருந்ததாக நினைவில்லை.

எங்களுக்கு இரண்டு மாடி மேலே ஒரு மராட்டிக் குடும்பம். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பையன், எஃப்சி புனே சிட்டி கால்பந்து அணியின் ரசிகன். போட்டி நாளில் ஆரஞ்சுச் சட்டையும் துண்டுமாகப் படியிறங்குவான். லோஹேகாவ் நகரின் ஒரு கோடி, பாலேவாடி மைதானம் மறு கோடி. சாயங்கால நெரிசலில் அங்கே போய்ச் சேருவதே பாதி ஆட்டம் ஆடிய களைப்பு. "காகா, இன்னிக்கு வரீங்கதானே?" என்று கேட்டு இரண்டு மூன்று முறை என்னையும் அழைத்துப் போனான்.

அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் சம்பளக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். இந்தியன் சூப்பர் லீகில், அதாவது ஐஎஸ்எல்லில், ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருந்தது. 2017-18இல் அது 18 கோடி ரூபாய், பிற்பாடு 16.5 கோடியாகக் குறைந்தது. மார்செலினோவுக்கு இவ்வளவு போயிருக்கும், அல்ஃபாரோவுக்கு இவ்வளவு, மிச்சத்தில் ஒரு நல்ல தடுப்பாட்டக்காரரை ஏன் எடுக்கவில்லை என்று வரிவரியாக எழுதியிருப்பான். தொகைகள் எல்லாம் செய்திகளில் அடிபட்டவையும் அவனே ஊகித்தவையும்தான். ஆனால் அந்தக் கணக்கில் அக்கறை இருந்தது. வீட்டுச் செலவு எழுதும் அம்மாக்களிடம் இருக்கும் அதே அக்கறை.

ரசிகனின் கோபம் எப்போதும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் காரணமும் இருந்தது. 2014இல் ட்ரெசகே, 2015இல் முட்டு என்று பெயர் பெற்ற, வயதேறிய நட்சத்திரங்கள் வந்தார்கள். 2016இல் ஒப்பந்தமான ஐஸ்லாந்தின் குட்யான்சன் காயத்தால் ஒரு போட்டிகூட ஆடவில்லை. ஐந்து சீசனில், இடைக்காலப் பொறுப்பாளரையும் சேர்த்து, ஏழு பயிற்சியாளர்கள். 2018இல் முதன்முறையாக அரையிறுதி வந்தது. பாலேவாடியில் கோலில்லாத சமநிலை, பெங்களூருவில் சுனில் சேத்ரியின் மூன்று கோல்கள், 3-1 தோல்வி. அத்தனை தூரம் அழைத்துப்போன ரான்கோ போபோவிச் அடுத்த சீசனில் இல்லை. அவருக்குப் பின் வந்தவர் மூன்றே போட்டிகளில் விலகினார். ஆட்டம் கைகூடி வரும் நேரத்தில் அணியைக் கலைத்துக் கலைத்து அடுக்கினால் எந்த ரசிகனுக்குத்தான் பொறுக்கும்?

இருந்தாலும் அந்த நோட்டில் ஏறாத கணக்கு ஒன்று இருந்தது. அணியின் தலைவிதியை அதுதான் முடிவு செய்தது.

புனேயில் கால்பந்து அணிகள் வைத்திருந்தவர்கள் யார் என்று வரிசையாகப் பாருங்கள். 2007இல் தொடங்கிய புனே எஃப்சி, அசோக் பிரமால் குழுமத்தினுடையது. நில, கட்டடத் தொழிலில் வேரூன்றிய குழுமம். ஐ-லீகில் 2009-10இல் மூன்றாம் இடம், 2012-13இல் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அடுத்து இரண்டாம் இடம். டிஎஸ்கே சிவாஜியன்ஸ் ஒரு கட்டுமானக் குழுமத்தின் அணி. லிவர்பூலின் பெயரில் அகாடமிகூட நடத்தியது. எஃப்சி புனே சிட்டியின் பின்னால் இருந்தது வாத்வான் குழுமம், அதாவது டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் குடும்பம். கல்யாணி குழுமத்தின் பாரத் எஃப்சி மட்டும் தொழிற்சாலைப் பணம். 2014-15இல் ஒரே சீசன் ஆடி ஒதுங்கிவிட்டது.

அதே சீசனோடு புனே எஃப்சியும் முடிந்தது. 2017க்குப் பிறகு டிஎஸ்கே அணி ஐ-லீகில் இல்லை. அதன் தாய்க்குழுமம் வைப்புத்தொகை போட்டவர்களின் வழக்குகளில் சிக்கியது. 2019 ஜூனில் டிஎச்எஃப்எல் கடன்பத்திரத் தவணை கட்டத் தவறியது. ஆகஸ்டில் எஃப்சி புனே சிட்டியின் இடம் ஹைதராபாத் போனது. நவம்பரில் ரிசர்வ் வங்கி டிஎச்எஃப்எல் இயக்குநர் குழுவையே நீக்கியது. ஐந்து வருடங்களுக்குள் நான்கு அணிகள். பந்தை வலைக்குள் அடிக்கத் தெரியாததால் மூடப்பட்டவை அல்ல இவை. முதலாளிக்கு அணி தேவைப்படாமல் போன நாள் ஒன்று வந்தது, அல்லது அதைத் தாங்கும் வலு அவரிடம் தீர்ந்துபோன நாள் வந்தது.

இந்தியக் கால்பந்தில் இது புதிதல்ல. 1996-97இல் முதல் தேசிய லீகை வென்ற பக்வாராவின் ஜேசிடி 2011இல் மூடப்பட்டது. 2005-06 சாம்பியனான மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய வருடம் கடையைக் கட்டியது. சென்னையில் தேசிய லீக் ஆடிய இந்தியன் வங்கி அணியை இன்று நினைத்துப் பார்ப்பவர்கள் தலை நரைத்தவர்கள். கோவையைத் தாயகமாகக் கொண்டு 2018-19 ஐ-லீகை வென்ற சென்னை சிட்டியைச் சில வருடங்களிலேயே லீகில் காணோம். நிறுவனங்களின் கைக்காசில் வளர்ந்த விளையாட்டு இது. அந்தக் கைகள் தாராளமாகக் கொடுத்த காலங்களும் உண்டு. மலப்புறத்திலிருந்து சிறுவனாக வந்த ஆஷிக் குருணியன் புனே எஃப்சி அகாடமியில் வளர்ந்துதான் இந்திய அணிக்குப் போனார். அந்த நன்மையை மறைத்துப் பேசுவது நியாயமல்ல.

சம்பள உச்சவரம்பு இதற்கெல்லாம் மருந்து என்று சொல்லப்பட்டது. பணக்கார அணி ஒன்றே எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிவிடாமல், மற்றவர்கள் கடனில் மூழ்காமல் காக்கும் என்றார்கள். உலகத்தில் இதற்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் 1901 முதல் வீரரின் வாரச் சம்பளம் நான்கு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று விதி. படிப்படியாக உயர்ந்து இருபது பவுண்டில் நின்ற அந்த வரம்பை, ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று நின்று 1961இல் ஒழித்தார்கள். அறுபது வருடங்களாக அந்த வரம்பு காத்தது அணி முதலாளிகளின் பெட்டியைத்தான்.

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் 1994இல் கொண்டுவந்த வரம்பு வேறு மாதிரி. அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர். லீகின் வருமானத்தில் வீரர்களுக்கு இத்தனை பங்கு என்று அவர்கள் சங்கத்தோடு பேசி வைத்த அளவு அது. வருமானம் ஏறினால் வரம்பும் ஏறும். நம்முடைய வரம்பு லாபமே பார்க்காத லீகில் மேலிருந்து வைத்த எண். அணிகள் வருடந்தோறும் பத்துக் கோடிக்கு மேல் உரிமக் கட்டணமும் கட்டிவந்தன. செலவின் ஒரு பகுதிக்கு மூடி போட்டார்கள். வரவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி பதிலில்லாமல் கிடந்தது.

என்எஃப்எல்லிலும் வரம்பு ரசிகனைக் காப்பாற்றிவிடவில்லை. 1995 டிசம்பரில் கிளீவ்லாந்து பிரவுன்ஸின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்து இருக்கைகளைப் பெயர்த்தெடுத்தார்கள். அணி பால்டிமோருக்குப் போனது. ஆனால் அந்த நகரம் வழக்காடி ஒன்றை மீட்டது. பெயரும் நிறமும் வரலாறும் கிளீவ்லாந்துக்கே என்று எழுதி வாங்கி, 1999இல் அதே பெயரில் அணியைத் திரும்பக் கொண்டுவந்தது. லண்டனின் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தபோது ரசிகர்கள் சில வாரங்களிலேயே சொந்தமாக ஓர் அணி தொடங்கினார்கள். ஊர்ப் பொதுவெளியில் ஆள் தேர்வு நடத்தி, அடிமட்ட லீகிலிருந்து ஏறி, 2011இல் கால்பந்து லீகுக்குள் வந்து, 2020இல் பழைய பிளவ் லேன் தெருவிலேயே புது மைதானம் கட்டி ஆடினார்கள்.

புனேக்காரனுக்கு அந்த ஏணியும் இல்லை. ஐஎஸ்எல்லின் கதவு அப்போது உரிமம் வாங்கியவருக்கு மட்டும்தான் திறந்தது. கீழ் லீகிலிருந்து ஜெயித்து ஏற வழியில்லை. உரிமம் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது. ஹைதராபாத் எஃப்சி 2022 மார்ச்சில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வென்று கோப்பை தூக்கியது. ஒன்றரை வருடத்தில் சம்பளப் பாக்கி, வீரர் சேர்க்கத் தடை, வெளிநாட்டு வீரர்களின் வெளியேற்றம் என்று சரிந்து, 2023-24இல் எட்டே புள்ளிகளோடு கடைசி இடம். 2025இல் அதே இடம் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்ற பெயரில் தலைநகருக்குப் போனது. பதினோரு வருடத்தில் மூன்று ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்னைக்காரர்களுக்கும் இது தூரத்துச் சேதி அல்ல. 2018இல் சாம்பியனான சென்னையின் எஃப்சி அடுத்த சீசனிலேயே ஒன்பது புள்ளிகளோடு அடியில் கிடந்தது. அன்று ரசிகர்கள் ஆள் எடுத்த விதத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். 2025 ஆகஸ்டில் பிரச்சினை ஆள் எடுப்பது அல்ல, சம்பளம் தருவதே. கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே 2010இல் போட்ட 15 வருட, 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் முடிய இருந்தது, புதியது கையெழுத்தாகவில்லை. பெங்களூரு முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது, சென்னையும் அதே முடிவுக்கு வந்தது. உச்சவரம்பு விதி ஏட்டில் அப்படியே இருந்தது.

லோஹேகாவில் வீடு வாங்கியவர்களுக்கு இந்தக் கதை புரிய விளக்கம் தேவைப்படாது. முன்பணம் வாங்கிய பில்டர் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மகாராஷ்டிரம் முழுக்கப் பட்டவர்கள் இருந்தார்கள். அதற்காக வந்ததுதான் ரேரா சட்டம். மகாராஷ்டிரத்தில் அதன் ஆணையம் 2017 மே மாதம் செயல்படத் தொடங்கியது. வீடு வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தக் கட்டடத்துக்கே செலவிட வேண்டும். பில்டரின் வேறு தொழில் சாய்ந்தாலும் அந்தப் பணத்தை அங்கே திருப்ப முடியாது.

கால்பந்தில் அதைக் கேட்பது மிகையா? சீசன் தொடங்கும் முன் வீரர்களின் ஒரு வருடச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் கட்டிவிட்டுத்தான் களம் இறங்க வேண்டும். உரிமம் வேறு ஊருக்குப் போவதென்றால் அதுவரை இருந்த ஊரின் ரசிகர் மன்றங்களை உட்காரவைத்துப் பேச வேண்டும். பெயரும் சின்னமும் நிறமும் ஊரோடு தங்க வேண்டும். மேல்வரம்பு எத்தனை கோடி என்று பேசிய நேரத்தில் பாதியை இந்த மூன்றுக்குக் கொடுத்திருந்தால் போதும். ரசிகர்களுக்கும் இதையே சொல்வேன். பயிற்சியாளரை மாற்று என்று கத்தத் தெரிந்த தொண்டைக்கு, கணக்கைக் காட்டு என்று கேட்கவும் உரிமை உண்டு.

2019 ஆகஸ்டு முடிவில் சேதி வந்த ராத்திரி அந்தப் பையனைப் படிக்கட்டில் பார்த்தேன். நிகில் பூஜாரி, மார்செலினோ எல்லாம் ஹைதராபாத் போகிறார்களாம் என்றான். நோட்டு கையில் இருந்தது. "இந்த வருஷக் கணக்கை யார் பேருக்கு எழுதறது காகா?" என்று கேட்டான். தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்.